கோயிலுக்கு ஒரு மாத்திரை குறைவு

அக்கா பொய் சொல்லமாட்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பின்னால் வருவதைக் கேட்டுவிட்டு, இது பொய் இல்லாமல் வேறென்ன என்று கேட்பவர்கள் உண்டு. என் அம்மாவே கேட்டாள். அக்காவின் நியாயம் வேறு. தன் வாயிலிருந்து வெளியே போகிற வார்த்தைக்குத்தான் அவர் பொறுப்பு. அது அடுத்தவர் காதில் எப்படிப் போய் விழுகிறது என்பது அடுத்தவர் பாடு. "நான் சொன்னது சரி. அவை கேட்டது பிழை," என்பார். அதைச் சொல்லும்போது சிரிக்கவும் மாட்டார்.

அந்த வார்த்தை, கொயில். மின்சிகரெட்டுக்குள் இருக்கிற கம்பிச் சுருள். அழுத்தினால் அது சூடாகி, பஞ்சில் ஊறியிருக்கும் திரவத்தை ஆவியாக்கும். தமிழ்நாட்டில் எங்கள் பக்கத்தில் அதைக் காயில் என்போம். யாழ்ப்பாணத்தில் ஆயில் ஒயிலாகிற மாதிரி காயிலும் கொயிலாகிவிட்டது. "காயில எண்டா எந்தக் காயில? கத்தரிக்காயிலயோ?" என்று என்னைச் சீண்டுவார். அந்தக் கொயிலை அவர் கடையில் வாங்குவதில்லை, தானே கட்டுவார். வெள்ளிக்கிழமை பின்னேரம், அவர் கணவர் பார்சல் கிடங்குக்கு வேலைக்குப் போன பிறகு, சமையலறை மேசையில். அந்த நேரத்தில் வரட்டுமா என்று யாராவது போனில் கேட்டால், "வெள்ளிக்கிழமை ஏலாது, எனக்குக் கொயில் வேலை இருக்கு," என்பார். ஹாம்பர்க்கில் எந்தத் தமிழ்க் காதும் அதைக் கோயில் என்றுதான் கேட்கும். கிழமையும் பொருத்தமான கிழமை. மறுபேச்சு இல்லாமல் போனை வைத்துவிடுவார்கள்.

அந்த வீட்டில் ஓர் அறையில் நான் ஒன்றரை வருடம் குடியிருந்தேன். அந்த ஊரில் அறை கிடைப்பதைவிட வேலை கிடைப்பது சுலபம். ரயில் நிலையத்துக்குப் பக்கத்து மளிகைக்கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த துண்டுக் காகிதத்தைப் பார்த்துப் போனேன். அண்ணா (அக்காவின் கணவரை அப்படித்தான் கூப்பிட்டேன்) ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பிள்ளை, சிகரெட் குடிப்பீரோ?"

"ஐயோ, இல்லண்ணா."

அப்போது நான் ஒரு நாளைக்குப் பத்து சிகரெட். அவர் சாவி எடுக்க உள்ளே போனதும் அக்கா என் வலது கையைப் பிடித்து, இரண்டு விரல்களை மோந்து பார்த்தார். காய்ச்சல் பார்க்கிற மாதிரி சாதாரணமாக.

"பொய் சொல்லிப்போட்டாய்," என்றார். "சொன்னது சொன்னதுதான். நாளையில இருந்து அதை உண்மையாக்கு."

அவ்வளவுதான். காட்டிக்கொடுக்கவில்லை, புத்திமதியும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை என்னை ஒரு கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் மின்சிகரெட் ஒன்றைக் காட்டி, "இதைப் பிடி, அதை விடு," என்றார். ஐம்பதைத் தாண்டிய, நெற்றியில் திருநீறு வைத்த ஒரு யாழ்ப்பாணத்து அம்மாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நான் வாயைப் பிளந்தேன். தெரிந்த கதை அன்று சாயங்காலம் வந்தது.

அண்ணாவின் அண்ணன் நுரையீரல் வியாதியில் இறந்தவர். கடைசி மூன்று மாதம் இவர்தான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகு ஒரு நாள், அக்காவின் குளிர்கோட்டுப் பைக்குள் ஒரு சிகரெட் பெட்டியைக் கண்டுபிடித்தார். கத்தவில்லையாம். பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, பிரேமனில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டு மாதம். அக்கா தேடிப் போய், இனிச் சிகரெட்டைத் தொடமாட்டேன் என்று சொன்ன பிறகுதான் வந்தார். வரும்போது, "இன்னொருக்கா எண்டா நான் திரும்பி வரமாட்டன்," என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாராம்.

"தொடேல்லை," என்றார் அக்கா என்னிடம். "ஏழு வருசமா ஒரு சிகரெட்டும் தொடேல்லை. இது சிகரெட் இல்லை."

"அப்ப அண்ணாகிட்ட சொல்லிடலாமே அக்கா?"

"அவர் கேக்கேல்லை."

இதைத்தான் சொல்ல வந்தேன். அவரோடு இருந்த காலம் முழுக்க எனக்கு அவர்மேல் பிரியமும் பயமும் சேர்ந்தே இருந்தன. உண்மையை இவ்வளவு கறாராகப் பேசுகிற ஒருவர், அந்த உண்மைக்குப் பின்னால் இவ்வளவு வசதியாக ஒளிந்துகொள்வதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அண்ணா ஒரே ஒரு நாள் நேராகக் கேட்டால் போதும், வீடு உடைந்துவிடும். அது அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவரது வண்டவாளம் வெளியே வந்தால் என்னுடையதும் வரும். என் அறை போகும், அறை போனால் விலாசம் போகும், விலாசம் இல்லாமல் விசா புதுப்பிக்கப் போய் நிற்க முடியாது. அதனால் அந்த வீட்டில் கொயிலுக்கும் கோயிலுக்கும் இடையே உள்ள ஒரு மாத்திரை அளவு வித்தியாசத்தின்மேல் மூன்று பேர் குடியிருந்தோம்.

புகைக்க அக்கா கட்டடத்தின் அடியிலிருக்கும் கெல்லருக்கு, பூட்டிவைக்கும் நிலவறைக்கு, சாவியோடு இறங்கிப் போவார். கருவிகளை அவர் வைத்திருந்தது இடியப்ப உரல் வந்த அட்டைப்பெட்டிக்குள். உரல் அடியில், அதன்மேல் ஒரு துணி, துணிக்குமேல் கம்பிச்சுருள், பீங்கான் முனை வைத்த இடுக்கி, சின்னத் திருகாணி முடுக்கி, பஞ்சு, தீப்பெட்டி அளவில் ஓர் ஓம் மீட்டர். சமையலறை அலமாரியில் எல்லோர் கண்ணிலும் படும்படிதான் அந்தப் பெட்டி இருந்தது. அண்ணா அதைத் தொட்டதில்லை. இடியப்பம் கேட்டதும் இல்லை. "இஞ்சரும், இண்டைக்குப் பிட்டு அவிப்பமே?" என்று அக்காவிடம் கேட்பார், வாரத்தில் மூன்று நாள். பாவம், இடியப்பம் பிடிக்காத யாழ்ப்பாணத்தாரும் இருக்கிறார்களே என்று நினைத்துக்கொள்வேன்.

அக்கா கொயில் கட்டுவதைப் பார்க்கவேண்டும். முடுக்கியின் தண்டில் கம்பியை ஆறு சுற்று, இடைவெளி பிசகாமல். இரண்டு கால்களையும் இரண்டு திருகாணிகளுக்குள் விட்டு இறுக்கி, மிச்சத்தை ஒட்ட வெட்டுவார். பிறகு மீட்டரில் வைத்து அளப்பார். பிறகு பஞ்சு. பிறகு உலோக மூடியைப் போட்டுவிட்டு மறுபடி அளப்பார். "மூடி இல்லாமல் ஒருக்கா, மூடியோட ஒருக்கா. பாத்தது காணாது, அளக்கவேணும்." அவர் பாவித்த சாதனம் வெறும் செம்புக் குழல். உள்ளே ஒரு பேட்டரி, அடியில் ஒரு பொத்தான், அது தானாக அழுந்தாமல் இருக்க ஒரு பூட்டு வளையம். என்னுடையதில் இருக்கிற மாதிரி, ஏதாவது பிழை என்றால் தானே அணைந்துகொள்ளும் சிப் எதுவும் அதில் கிடையாது. "இதுக்கு மூளை இல்லை. அதால எங்களுக்கு இருக்கவேணும்," என்பார்.

எனக்கும் கட்டக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டேன். கேட்டேன் என்ன, பிடுங்கி எடுத்தேன். நான் மின்னணுவியல் படித்தவள், ஓம் விதி எனக்குத் தெரியாதா என்கிற திமிர். கடைக் காயில் ஐந்து ஐந்தாக வரும். ஒரே பெட்டியில் ஒன்று இரண்டு வாரம் உழைக்கும், அடுத்தது இரண்டாம் நாளே கரிந்த வாடை அடிக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்க முடியாது. கட்டுகிறதுதானே புத்திசாலித்தனம் என்று வாதாடினேன்.

"கட்டுறதுதான் நல்லது," என்றார் அக்கா. "உனக்குக் கடைக் கொயில்தான்."

"ஏன்க்கா?"

"நீ அளக்கமாட்டாய்."

"எப்படித் தெரியும்?"

"சோத்துக்குத் தண்ணி விடேக்க பாத்தனான்."

கோபம் வந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் கொஞ்சம் வரும். நான் கண் அளவில் தண்ணீர் விட்டதும், இரண்டு முறை சோறு குழைந்ததும் உண்மைதான். அதற்காக?

அவர் வேலை பார்த்தது ஒரு மருத்துவமனையில், அறுவைச் சிகிச்சைக் கருவிகளைச் சுத்தம் செய்து, சரிபார்த்து, அடுக்கிக் கட்டும் பகுதியில். ஒரு நாள் கட்டி முடித்து மேலே அனுப்பிவிட்ட ஒரு தட்டில், ஒரு கவ்வியின் கீலைச் சோதித்தோமா என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சோதித்திருப்போம் என்று விட்டிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. அக்கா மாடிக்கு ஓடி, அறுவை தொடங்குமுன் அந்தத் தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தார். கவ்வி சரியாகத்தான் இருந்தது. டாக்டர் கத்தியிருக்கிறார், மேலதிகாரி எழுத்தில் எச்சரிக்கை கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்து அந்தக் கடிதத்தை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார். "சோதிச்சனீயோ எண்டு கேட்டவை. தெரியாது எண்டு சொன்னனான். அதுதானே உண்மை," என்றார். அண்ணா கடிதத்தைப் படித்துவிட்டு அக்காவைப் பார்த்த பார்வையில் இருந்தது பெருமையா சலிப்பா என்று எனக்கு அன்று புரியவில்லை.

வினை ரயிலில் ஆரம்பித்தது. ஒரு மாலை நானும் அக்காவும் எஸ்-பானில் வந்துகொண்டிருந்தோம். இந்த வாரம் என்ன வேலை என்று கேட்டேன். "ரெண்டு கொயில் கட்டவேணும். ஒண்டு சின்னன், ஒண்டு பெரிசு," என்றார். பின்இருக்கையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து வந்தார். வெள்ளைச் சட்டை, விரலில் நவரத்தின மோதிரம். கோயில் திருப்பணிச் சபையின் தலைவர், அண்ணாவுக்குப் பழக்கமானவர் என்று பிறகு தெரிந்தது.

"தங்கச்சி, கேக்கவே சந்தோசமா இருக்கு. ஒண்டு கட்டுறதுக்கே நாங்கள் பத்து வருசமாப் படாத பாடு படுறம். வாற ஞாயிறு மூண்டு மணிக்கு வீட்ட வாறம். இருந்து கதைப்பம்."

அக்கா ஒரு வார்த்தையில் திருத்தியிருக்கலாம். "வாங்கோ," என்றார். ரயில் நின்றது, அவர் இறங்கிவிட்டார். அதற்குப் பிறகு நான் எத்தனை தரம் சொல்லியும், "அவர் வாறன் எண்டார், நான் வாங்கோ எண்டனான். இதில என்ன பிழை?" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் அந்த வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குக் காலை வேலை, இரண்டரைக்குத்தான் வருவார். அண்ணா தூங்கிக்கொண்டிருந்தார். எனக்கு விசா அலுவலகத்தில் டெர்மின், அதாவது குறித்த சந்திப்பு, மூன்று வாரத்தில். அந்தப் படபடப்பில் பெட்டியிலிருந்த கடைசிக் கடைக் காயிலை மாட்டி, பஞ்சு ஊறுவதற்குப் பத்து நிமிடம் பொறுக்காமல் இழுத்தேன். பஞ்சு கரிந்தது. தொண்டையில் எரிந்த துணியின் ருசி. கடைக் காயிலுக்கும் பொறுமை வேண்டும், அதுவும் என்னிடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் ஒரு கடையும் திறந்திருக்காது.

பத்து மணிக்கு இறங்கி, தெருமுனையில் சுவரில் பதித்திருக்கும் சிகரெட் இயந்திரத்தின் முன்னால் போய் நின்றேன். வங்கி அட்டையைச் செருகி, எடுத்து, மறுபடி செருகி, எடுத்தேன். பதினோரு மாதம் ஆகியிருந்தது நான் சிகரெட்டை விட்டு. சொன்ன பொய் உண்மையாகி வந்த நேரம். அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன். அதுவரைக்கும் நான் செய்தது சரி.

பிறகு இடியப்ப உரல் பெட்டியைத் திறந்தேன்.

ஆறு சுற்று அழகாகவே வந்தது. திருகாணியை இறுக்கி, மிச்சத்தை வெட்டினேன். மீட்டரில் வைத்தேன், எண் அக்கா சொல்லும் எண்ணேதான். எனக்கு ஒரே சந்தோஷம். அளக்கமாட்டாய் என்றாரே, இதோ அளந்துவிட்டேனே. பஞ்சைச் செருகி, திரவம் விட்டு, மூடியைப் போட்டு, பெட்டிக்குள் இருந்த அக்காவின் செம்புக் குழலில் மாட்டி, சன்னலோரம் நின்று இரண்டு இழுப்பு இழுத்தேன். மூடி போட்ட பிறகு இன்னொரு தரம் அளக்கவில்லை. அது கிழவிகளின் சந்தேகம் என்று தோன்றியது.

படுக்கையறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கையிலிருந்ததைக் கைத்துண்டுகள் வைக்கிற இழுப்பறைக்குள், துண்டுகளுக்கு அடியில் தள்ளி, பெட்டியை அலமாரியில் வைத்தேன். பூட்டு வளையத்தைத் திருப்பவில்லை. அண்ணா சமையலறைக்கு வந்தவர் வந்தவர்தான். விருந்தாளிக்காக மேசையைத் துடைத்தார், கேக் வெட்டினார், தட்டுகளை அடுக்கினார். அந்த இழுப்பறைக்கும் எனக்கும் நடுவில் மூன்று மணி வரைக்கும் அவர் நின்றுகொண்டே இருந்தார்.

தலைவரும் அவர் மனைவியும் வந்தார்கள். அக்கா வேலையிலிருந்து வந்து முகம் கழுவி, சேலை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணா இழுப்பறையைத் திறந்து ஒரு கைத்துண்டை உருவித் தோளில் போட்டு, இரண்டு கைகளிலும் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு, இழுப்பறையை இடுப்பால் இடித்து மூடினார்.

"நீங்கள் கோயில் கட்டுறதை என்ர காதாலயே கேட்டனான்," என்றார் தலைவர். "பொம்பிளையள் பக்கத்தில நீங்கள்தான் முன்னுக்கு நிக்கவேணும்."

"எனக்கு அந்தத் தகுதி இல்லை, ஐயா."

"அப்பிடிச் சொல்லாதேங்கோ," என்றார் அவர் மனைவி. "எவ்வளவு காலமா இதில இருக்கிறியள்?"

"ஏழு வருசமா."

"ஏழு வருசமோ! ஆரும் உதவியோ?"

"இல்லை. தனியத்தான்."

ஒவ்வொரு பதிலும் உண்மை. தலைவர் அண்ணாவைப் பார்த்தார். "நீங்கள் ஒரு வார்த்தை எங்களுக்குச் சொல்லேல்லையே, தம்பி?"

அண்ணா கோப்பைக்குள் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவ சொல்லாததை நான் எப்பிடிச் சொல்லுறது?"

அப்போதுதான் அந்த வாடை வந்தது. சூடான உலோகமும் கருகும் துணியும். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. இழுப்பறை மூடியபோது பொத்தான் எதிலோ அழுந்திவிட்டது, மூடிக்குள் கம்பி எங்கோ தொடுகிறது, பேட்டரி காய்கிறது. தடுத்து நிறுத்த அதற்குள் மூளை எதுவும் இல்லை. எழுந்திருக்கவேண்டும், எழுந்திருக்கவேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. என்னால் நாற்காலியை விட்டு அசைய முடியவில்லை. அறை, விலாசம், டெர்மின் என்றே தலைக்குள் ஓடியது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் ஓடியது.

அக்கா பேச்சை நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார். அங்கேயே எல்லாவற்றையும் படித்துவிட்டார் என்று நினைக்கிறேன். இழுப்பறையைப் பார்த்தார். திறந்தால் ஏழு வருடம் வெளியே வரும். திறக்காவிட்டால் அந்தச் சின்னச் சமையலறையில் ஐந்து பேர் இருக்கிறோம்.

எழுந்து, அடுப்புக் கையுறையை மாட்டிக்கொண்டு, இழுப்பறையைத் திறந்தார். புகை வந்தது. செம்புக் குழலை எடுத்து, கையை நீட்டிப் பிடித்தபடி பால்கனிப் பக்கம் நடந்தார். ஓடவில்லை. கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. அண்ணா எப்போது எழுந்து போய்த் திறந்தார் என்று நான் பார்க்கவில்லை. தக்காளி காய்ந்துபோன பெரிய மண்தொட்டிக்குள் அதைப் போட்டுவிட்டு, அக்கா உள்ளே வந்து கதவை இழுத்து மூடினார். சீறும் சத்தம் கேட்டது. வெள்ளைப் புகை கண்ணாடியை மறைத்தது. பிறகு ஒரு கனத்த சத்தம், தொட்டி இரண்டாகப் பிளந்தது.

தலைவரின் மனைவி கோப்பையை மேசையில் வைத்தார்.

"என்ன தங்கச்சி அது?" என்றார் தலைவர்.

"கொயில்," என்றார் அக்கா. குரலில் நடுக்கமே இல்லை. "கோயில் இல்லை, ஐயா. கொயில். குறில். மின்சிகரெட்டுக்குள்ள போடுறது. நான் புகைக்கிறனான்."

தேநீர் பாதியில் இருக்க அவர்கள் போய்விட்டார்கள். தலைவரின் மனைவி வாசலில் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். அண்ணா கதவைச் சாத்திவிட்டு வந்து, பால்கனிக் கண்ணாடி வழியாக அந்தப் பிளந்த தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். என்னைப் பார்த்தபடியே அக்காவிடம் கேட்டார்.

"உந்தக் கொயிலை ஆர் கட்டினது?"

ஏழு வருடமாக வராத நேர்க் கேள்வி வந்துவிட்டது. ஆனால் அக்கா பயந்திருந்த கேள்வி அது இல்லை. நான் வாயைத் திறந்தேன்.

"நான்தான் கட்டினனான்," என்றார் அக்கா.

அண்ணா அவரை வெகுநேரம் பார்த்தார். அக்கா கண்ணைத் தாழ்த்தவில்லை. அண்ணா உள்ளே போய் ஒரு பையில் துணிகளை வைத்தார். ஐந்து மணி ரயிலில் பிரேமனுக்குப் போய்விட்டார்.

அக்கா என்னைத் திட்டவில்லை. பாத்திரங்களைக் கழுவி முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மூடியோட அளந்தனீயோ?"

"இல்லக்கா."

"ம்."

மறுநாள் சாயங்காலம் என் மேசையில் ஐந்து கடைக் கொயில் அடங்கிய ஒரு பெட்டி இருந்தது. ஓங்கி ஒரு அறை வாங்கியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. ஆனால் என்னை உலுக்கியது அது இல்லை. அதே மாதிரி இன்னொரு பெட்டி அக்காவின் கைப்பையில் இருந்ததுதான். தனக்கும் என்னுடையதைப் போலவே சிப் வைத்த சாதனம் ஒன்று வாங்கியிருந்தார். இடியப்ப உரல் பெட்டியைச் சுற்றி நாடா ஒட்டி அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டார்.

"அக்கா, உங்களுக்கு எதுக்கு இது?"

"அதைக் கட்டினது நான் எண்டு அவருக்குச் சொல்லிப்போட்டன். அது அளக்காமல் கட்டினது. அளக்காத ஆள் கட்டக்கூடாது."

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் அறைக்குள் போய் அழுதேன். சொன்ன பொய்யை அவர் உண்மையாக்கிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமைகளில் மேசையில் வெறுமனே உட்கார்ந்திருப்பார். போன் வருவது நின்றுவிட்டது. தானே இரண்டு தரம் பிரேமனுக்குப் பேசினார். அண்ணா எடுக்கவில்லை.

நான் உடனே உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. மூன்று வாரம் காத்திருந்தேன். டெர்மின் முடிந்து, விசா நீட்டிப்பு கையில் வந்த பிறகு, அந்த அலுவலகத்தின் நடைபாதையில் நின்றுகொண்டுதான் அண்ணாவுக்கு போன் செய்தேன். இந்த இடத்தை நல்லவிதமாகச் சொல்ல எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

"அண்ணா, அன்னைக்கு அதைக் கட்டினது நான்."

"தெரியும்," என்றார்.

எப்படி என்று கேட்டேன்.

"அவ கட்டினதெண்டா எரியாது, பிள்ளை."

"அப்ப அக்கா அதைப் பிடிக்கிறது..."

"கெல்லருக்கு என்னட்டையும் ஒரு திறப்பு இருக்கு. அவ அங்க போய் நிக்கிறது எனக்கு எப்பவோ தெரியும். சிகரெட் இல்லை எண்டும் தெரியும்."

"பின்ன ஏண்ணா போனீங்க?"

"கலியாணம் கட்டின நாளில இருந்து அவ எனக்கு வாயால ஒரு பொய் சொன்னதில்லை. அண்டைக்குச் சொன்னவ. உண்மையைச் சொன்னா உம்மை நான் ரோட்டில விட்டிடுவன் எண்டு நினைச்சிருக்கிறா. இவ்வளவு காலம் என்னோட இருந்து, என்னை அப்பிடி நினைச்சிட்டா."

அவரை அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவு மணி அடித்தது. அண்ணா, தன்னிடம் சாவி இருந்தும் மணியடித்தார். அக்கா கதவைத் திறந்து, வழிவிட்டு நின்றார். அண்ணா பையைக் கீழே வைத்துவிட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார். அலமாரியின் மேல்தட்டைப் பார்த்தார்.

"இஞ்சரும். அந்த உரலை எடும். எனக்கு இடியப்பம் வேணும்."

அக்கா அசையாமல் நின்றார். "உங்களுக்கு இடியப்பம் பிடிக்காதே."

"பிடிக்காது எண்டு நான் எப்ப சொன்னனான்? நீர்தான் அப்பிடி நினைச்சனீர்."

நான் நாற்காலி போட்டு ஏறிப் பெட்டியை இறக்கிக் கொடுத்தேன். அக்கா நாடாவைப் பிரித்தார். அண்ணாவின் கண்ணெதிரே ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். கம்பி, இடுக்கி, முடுக்கி, பஞ்சு, மீட்டர். துணியையும் எடுத்த பிறகு அடியில் உரல் இருந்தது. ஏழு வருடமாகத் தண்ணீரே படாத மரம், வெளுத்துப்போயிருந்தது.

"உரல் கழுவி, மாக் குழைச்சு அவிக்க ஒரு மணித்தியாலம் ஆகும்," என்றார் அக்கா. சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது.

அண்ணா எழுந்து கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டார்.

"ஆகட்டும். இருக்கிறன்," என்றார்.